ஏலத்துக்கு வந்த ஏலம்

"ஏலத்துல இன்னைக்கு ஏலம் என்ன விலைக்குப் போச்சு?" என்று போடிநாயக்கனூர் கடைவீதியில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்கும். கேட்டவர் வெளியூர் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர் அப்படிக் கேட்பதில்லை. "காய் என்ன போச்சு?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கத்தரிக்காயா, மாங்காயா, தேங்காயா என்று எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்க மாட்டார். அந்த ஊரில் முன்னால் எதுவும் ஒட்டாமல் 'காய்' என்றால் அது ஏலக்காய்.

இந்தச் சின்ன வித்தியாசம் எனக்குப் பெரிய வியப்பைத் தருகிறது. மொழியியலார் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் ஒரு கேள்விக்குப் போடி மக்கள் தாங்களாகவே கண்டுகொண்ட விடை அதற்குள் இருக்கிறது. ஒரே ஒலிக்குப் பல பொருள் இருக்கும்போது மனிதர்கள் எப்படிக் குழம்பாமல் பேசுகிறார்கள்? குழப்பம் வந்தே தீரும் என்ற இடத்தில் என்ன செய்கிறார்கள்?

மலையிலிருந்தே தொடங்குகிறேன். போடியிலிருந்து மேற்கே ஏறும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு என்று விரியும் குளிர்ந்த நிழற்காடுகள்தான் ஏலமலை. விடிவதற்கு முன்பே போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு மேலே போகின்றன. ஏலச்செடி ஆளுயரத்தைத் தாண்டி வளரும். பூவும் காயும் மட்டும் அதன் அடியில், தரையோடு கிடக்கும் சரங்களில் பிடிக்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். எடுத்த பச்சைக் காயை நிறம் போகாமல் அளவான சூட்டில் உலர்த்தினால், ஏறக்குறைய 5 கிலோ காய் 1 கிலோவாகச் சுருங்கும்.

அந்த 1 கிலோ மலையிறங்கிப் போடிக்கு வருகிறது. ஸ்பைசஸ் போர்டு என்று எல்லோரும் சொல்லும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்கூடம் இங்கே இருக்கிறது. இன்னொன்று கேரளப் பக்கம் புற்றடியில். ஒரு காலத்தில் வாய்விட்டு விலை கூவிய இடம். இப்போது வியாபாரிகள் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்து, கையில் வந்த மாதிரிக் காயை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, ஒன்றிரண்டை உரித்து உள்ளிருக்கும் விதையைப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்துகிறார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏலமலையில் அந்த நாளை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆக, ஏலம் என்னும் பொருள் ஏலம் என்னும் முறையில் விற்கப்படும் ஊர் இது. கேட்பவருக்கு இது சொல் விளையாட்டுப் போலத் தோன்றலாம். இரண்டு சொற்களும் தமிழுக்குள் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் இது ஒரு விபத்து என்று தெரியும். அழகான விபத்து.

முதல் ஏலம் மிகப் பழையது. வடமொழியில் ஏலா, தமிழில் ஏலம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றுக்குக் கணிமேதாவியார் வைத்த பெயர் ஏலாதி. ஏலம் முதலாக, இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தின் பெயர் அது. பாட்டுக்கு ஆறு கருத்து சொல்லும் நூலுக்கு அந்தப் பெயர் பொருத்தமாக அமைந்தது. காஞ்சிபுரத்து அம்மனுக்கு ஏலவார்குழலி என்று பெயர். ஏலம் கமழும் கூந்தல். ஏலக்காய்க்குள் இருக்கும் விதையை நாட்டு மருத்துவர்கள் ஏலரிசி என்பார்கள். மலையாளத்தில் அது ஏலத்தரி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்டுஸ் மலபாரிகுஸ்' நூலில், கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் இந்தச் செடியை அதன் உள்ளூர்ப் பெயராலேயே பதிவு செய்தார். 1811-இல் தாவரவியலாளர் வில்லியம் ஜார்ஜ் மேட்டன் அந்தப் பெயரை அப்படியே பேரினப் பெயராக்கினார்: எலெட்டாரியா. இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் தாவரவியல் மாணவர் இந்தச் செடியின் பெயரை எழுதினாலும், நம் மேற்குமலை வாய்மொழி ஒன்றை எழுதுகிறார்.

இரண்டாவது ஏலம் கப்பலில் வந்தது. அரபியில் 'அறிதல்' என்ற பொருளுள்ள ஒரு வேர் உண்டு. நமக்குத் தெரிந்த ஆலிம், உலமா என்ற சொற்கள் அதிலிருந்து பிறந்தவை. 'அறியச் செய்தல்', அதாவது ஊரறியக் கூவி அறிவித்தல் என்ற பொருளில் அதே வேர் தந்த சொல்லைப் போர்ச்சுகீசியர் எடுத்து 'லெய்லாவ்' என்று மாற்றிக்கொண்டார்கள். 1580-களில் கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், 1596-இல் வெளியான தம் பயணநூலில் கோவாவின் அன்றாட ஏலச் சந்தையை இந்தப் பெயராலேயே விவரிக்கிறார். அரபுக் குதிரைகள், நறுமணப் பொருள்கள், கம்பளங்கள் எல்லாம் அங்கே கூவி விற்கப்பட்டன. மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்தச் சந்தையிலிருந்து சொல் நாடெங்கும் பரவியது. இந்தியில் நீலாம், மராத்தியில் லிலாவ், மலாயில் லெலாங், தெலுங்கில் வேலம், மலையாளத்தில் லேலம்.

தமிழில்? ஏலம்.

இந்த மொழிகள் ஏதோ ஒரு மெய்யை முன்னால் வைத்துக்கொள்ள, தமிழ் முதல் எழுத்தை உதிர்த்துவிட்டது. காரணத்தைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒரு சொல்லில் இரண்டு 'ல' அடுத்தடுத்து வந்தால் நாக்கு தடுமாறும். இந்தி அதில் ஒன்றை 'ந' ஆக்கிச் சமாளித்தது. தமிழுக்கு அதற்கு மேலும் ஒரு சங்கடம் இருந்தது. 'ல' சொல்லின் முதலில் நிற்பதைத் தமிழ் மரபு ஏற்பதில்லை. தொல்காப்பியம் வகுத்த மொழிமுதல் எழுத்துகளில் அது கிடையாது. லங்கா இங்கே வந்து இலங்கை ஆனது, லோகம் உலகம் ஆனது. லேலம் வந்தபோது முன்னால் ஓர் உயிரைச் சேர்ப்பதற்குப் பதில், முதல் மெய்யே போய்விட்டது. மிஞ்சிய ஒலிக்கூடு ஏற்கெனவே ஒரு வாசனைப் பொருளின் பெயராக இருந்தது. இரண்டு பயணிகள் ஒரே பெயரோடு ஒரே வீட்டில் தங்க நேர்ந்தது இப்படித்தான்.

போடிமெட்டில் நின்றால் இந்த வரலாற்றைக் காதால் கேட்கலாம். மேட்டுக்குக் கிழக்கே 'ஏலம்', 'ஏலம்'. மேற்கே மலையாளத்தில் 'ஏலம்', 'லேலம்'. அந்தப் பக்கத்து வியாபாரிக்குக் குழப்பமே கிடையாது. ஒரே சரக்கு, ஒரே மலை, ஒரே வாரியம். ஒரு 'ல' இருப்பதும் இல்லாததும்தான் வேறுபாடு.

இனி தலைக்குள் நடப்பதைப் பார்ப்போம். 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவிக்கும் அதே பெயர். சிலந்தியும் கரப்பானும் நிறைந்த ஓர் அறையைப் பற்றிய வாக்கியத்தைக் கேட்பவர்களின் காதில் 'பக்' என்ற சொல் விழுந்த அதே நொடியில், திரையில் ஓர் எழுத்துக்கூட்டம் தோன்றும். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். கதை முழுக்கப் பூச்சிகளைப் பற்றியது. அப்படியிருந்தும் 'எறும்பு' என்ற சொல்லுக்கு மட்டுமல்லாமல், 'உளவாளி' என்ற சொல்லுக்கும் விடை விரைவாக வந்தது. சில அசைகள் தள்ளித் திரையில் காட்டியபோது 'எறும்பு' மட்டுமே விரைவு பெற்றது. ஒட்டுக்கேட்கும் கருவி அதற்குள் மனத்தைவிட்டு மறைந்திருந்தது.

இதை நினைக்குந்தோறும் எனக்குச் சிலிர்க்கிறது. பாயசத்தில் தட்டிப்போட ஏலம் எடுத்து வா என்று அம்மா சொல்லும்போது, கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக, நம் தலைக்குள் எங்கோ ஒரு சுத்தியலும் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்ற குரலும் எழுந்து அடங்குகின்றன. நமக்குத் தெரிவதே இல்லை. மனம் எல்லாக் கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டு, வேண்டாதவற்றைச் சத்தமில்லாமல் சாத்திவிடுகிறது.

எந்தக் கதவைச் சாத்துவது என்று அதற்குச் சொல்வது பக்கத்தில் நிற்கும் சொற்கள். தமிழில் விற்பனை ஏலத்தின் கூட்டாளிகள் தனி: ஏலம் விடுவார்கள், கூறுவார்கள், கேட்பார்கள். வாசனை ஏலத்தின் கூட்டாளிகள் வேறு: தட்டுவார்கள், உரிப்பார்கள், மெல்லுவார்கள், மணக்கும் என்பார்கள். 1992-இல் ஏடி அண்டு டி பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கேல், சர்ச், யரோவ்ஸ்கி மூவரும் இன்னொன்றையும் கண்டார்கள். பல பொருள் உள்ள ஒரு சொல் ஒரே கட்டுரையில், ஒரே பேச்சில் திரும்பத் திரும்ப வந்தால், ஏறக்குறைய 98 விழுக்காடு நேரம் ஒரே பொருளில்தான் வருகிறது. கணினிக்கு மொழி கற்பித்தவர்களுக்கு இது பெரிய வரமாக அமைந்தது. பேச்சு எதைப் பற்றியது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டாம்.

சென்னையிலோ திருச்சியிலோ இந்த விதி 'ஏலம்' என்ற சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும். அடகு நகை ஏலம் பற்றிய செய்தியில் ஏலக்காய் வராது. பிரியாணி செய்முறையில் விற்பனை ஏலம் வராது. போடியில் விதி உடைகிறது. இரண்டு பொருளும் ஒரே கூடத்தில், ஒரே மேசையில், ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. கூட்டாளிச் சொல்லும் எப்போதும் காப்பாற்றாது. "அவரு ஏலம் எடுக்கப் போயிருக்காரு" என்று ஒருவர் சொன்னால், போனவர் செடிக்கடியில் குனிந்து நிற்கிறாரா, திரைக்கு முன்னால் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறாரா? எடுப்பது இரண்டுக்கும் பொது.

இப்படி இரண்டு சொற்கள் ஒரே தெருவில் மோதிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியியலில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜூல் ஷில்யெரோன் பிரான்ஸின் மொழி நிலப்படத்தை 1902 முதல் 1910 வரை வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று, எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று கேட்டுத் திரட்டிய தகவல்கள் அவை. தென்மேற்கே காஸ்கனி பகுதியில் ஒரு விந்தை தெரிந்தது. இலத்தீனில் சேவலுக்கு 'கல்லுஸ்', பூனைக்கு 'கத்துஸ்'. காஸ்கனிப் பேச்சில் சொல்லிறுதியில் வரும் 'ல்ல' ஒலி 'த்' ஆக மாறுவது வழக்கம். விளைவு, சேவலும் 'கத்', பூனையும் 'கத்'. கோழிக்கூண்டைக் காக்கும் குடியானவருக்கு இதைவிட ஆபத்தான குழப்பம் வேறென்ன? அங்கிருந்த மக்கள் சேவலுக்குப் பழைய பெயரையே விட்டுவிட்டார்கள். சில ஊர்களில் அது 'ஃபெசன்ட்' பறவையின் பெயரைப் பெற்றது. சில ஊர்களில் உதவிப் பாதிரியாரைக் குறிக்கும் பெயரை! நிலப்படத்தில் பார்த்தால் அந்த ஒலிமாற்றம் நடந்த எல்லைக்குள்தான் சேவலுக்குப் பெயரும் மாறியிருந்தது. எல்லைக்கு வெளியே சேவல் பழைய பெயரோடு கூவியது.

போடியில் 'காய்' செய்வது இதே வேலை என்று நான் நினைக்கிறேன். ஏலம் என்ற ஒலி விற்பனைக்குப் போகட்டும். பொருளுக்குக் காய் போதும். தமிழகம் முழுவதும் 'ஏலக்காய்' என்று வால் சேர்த்துப் பிரித்துக்கொண்டதை, இவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்த் தலையையே வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் நாள் பேசியதில் கல் வழவழப்பானதுபோல் ஆகிவிட்டது.

மேலே சொன்னது இரண்டு வேர்களின் கதை. ஒரே வேரிலிருந்து பல பொருள்கள் கிளைப்பது வேறு கதை. அதற்கும் உதாரணம் அதே ஏலக்கூடத்தில் கிடைக்கிறது: 'லாட்'. மலையிலிருந்து வரும் காய் லாட் லாட்டாகப் பிரிக்கப்பட்டு, எண் போடப்பட்டு, ஒவ்வொரு லாட்டாக விலைக்கு வருகிறது. ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமான சொல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். 'நிறைய' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லும் இதுதான். ஏலத்துக்கு வரும் குவியல், வீடு கட்டும் மனை, கார் நிறுத்தும் திடல், தலைவிதி எல்லாமே 'லாட்'.

இவற்றுக்குள் என்ன உறவு? பழைய ஆங்கிலத்தில் 'லாட்' என்றால் குலுக்கிப் போட்டு முடிவெடுக்கப் பயன்பட்ட மரச்சில்லு. பங்கு பிரிக்கும்போது யாருக்கு எது என்று சில்லைப் போட்டுப் பார்ப்பார்கள். சில்லு காட்டிய பங்குக்கும் அதே பெயர் வந்தது. பங்காகக் கிடைத்த நிலத் துண்டு மனை ஆனது. பங்காகப் பிரித்த சரக்கு ஏலக் குவியல் ஆனது. வாழ்க்கை ஒருவருக்கு ஒதுக்கிய பங்கு விதி ஆனது. குவியல் என்பதிலிருந்து 'நிறைய' வந்தது. நமக்கும் இந்த மனப்போக்கு புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையும் குடத்திலிருந்து வந்த ஓலையை முடிவாக ஏற்பதுதான். பாகப்பிரிவினையில் திருவுளச்சீட்டு போடுவோர் இன்றும் உண்டு. சீட்டில் வந்தது என் பங்கு, என் பங்கு என் விதி என்று நினைப்பது மனித இயல்பு.

அந்தப் பழைய சில்லு இன்னொரு கிளையும் விட்டது: லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி கிடையாது. கேரளத்தில் 1967-இல் அரசே தொடங்கி இன்றும் நடத்துகிறது. ஆகவே போடியில் கீழே 'லாட்' ஏலக்காயாக நிற்கிறது. 17 வளைவு ஏறி எல்லையைத் தாண்டினால் அதன் தங்கை லாட்டரிச் சீட்டாகத் தொங்குகிறது. காய் எடுத்துத் திரும்பும் ஒருவர் ஒரே நாளில் அந்த மரச்சில்லின் இரண்டு பேரப்பிள்ளைகளையும் கையால் தொட முடியும்.

மொழியியலார் இந்த இரண்டு வகைகளையும் கவனமாகப் பிரிக்கிறார்கள். ஏலத் தோட்டத்தைப் பார்த்தவருக்கு வித்தியாசம் எளிதில் பிடிபடும். ஏலச்செடியின் தூரில் பத்து, இருபது, முப்பது தண்டுகள் தனித்தனியாக நிற்பதுபோல் தோன்றும். மண்ணைக் கிளறினால் எல்லாம் ஒரே கிழங்கிலிருந்து வந்திருக்கும். 'லாட்' அப்படி. 'ஏலம்' என்பதோ, நெருக்கமாக நட்ட இரண்டு தூர்கள் இலையோடு இலை கலந்து ஒன்றாகத் தெரிவது. கிழங்கு வேறு வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஏலத்தைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரித்துத் தருவது இதனால்தான். 2002-இல் ஜெனிஃபர் ராட் முதலியோர் இங்கிலாந்தில் செய்த ஆய்வு, இந்தப் பிரிவு அகராதிக்காரர்களின் வசதிக்காக மட்டும் இல்லை என்று காட்டியது. ஒரே கிழங்கிலிருந்து கிளைத்த பல பொருள்கள் உள்ள சொல்லை மனம் விரைவாக அடையாளம் காண்கிறது. தொடர்பில்லாத பொருள்கள் ஒட்டிக்கொண்ட சொல்லில் சற்றே தயங்குகிறது. நொடியில் மிகச் சிறிய பகுதிதான் வேறுபாடு. ஆனால் அது இருக்கிறது.

எந்தச் சொல்லுக்கு அதிகப் பொருள்? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற சின்னச் சொல் சுமார் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. பிறகு பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் 'ரன்' என்ற சொல்லை எடுத்து ஒன்பது மாதம் உட்கார்ந்தார். வினையாக மட்டும் 645 பொருள்கள் தேறின. ஆள் ஓடுவதும், பேருந்து ஓடுவதும், கடை நடப்பதும், மூக்கு ஒழுகுவதும், தேர்தலில் நிற்பதும் அதில் அடக்கம். நம் 'ஓடு', 'போடு', 'எடு', 'விடு' ஆகியவற்றை யாராவது இப்படி ஒன்பது மாதம் எண்ணினால் என்ன வரும் என்று அறிய எனக்கு ஆசை.

உழைக்கிற சொல்லுக்குத்தான் பொருள் சேர்கிறது. 1945-இல் மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் அதற்கு ஒரு கணக்கே சொன்னார்: ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை, அது பேச்சில் வரும் தடவையின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. 100 மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்கு ஏறக்குறைய 10 மடங்கு பொருள். இதை மொழியின் குறை என்று நினைத்தவர்கள் உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் இருந்தால் எவ்வளவு தெளிவு என்று ஏங்கியவர்களும் உண்டு. 2012-இல் பியான்டடோசி, டிலி, கிப்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அந்த ஏக்கம் தவறென்று வாதிட்டார்கள். சூழலே பாதிப் பொருளைச் சொல்லிவிடும்போது, அதையும் சொல்லில் ஏற்றுவது வீண் சுமை. உச்சரிக்க எளிய, குட்டையான ஒலிகளை மீண்டும் மீண்டும் வெவ்வேறு வேலைக்கு அனுப்புவதே சிக்கனம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மொழிகளின் சொற்களை எண்ணிப் பார்த்தபோது, குறுகிய, எளிதில் சொல்லக்கூடிய சொற்களே அதிகப் பொருள் சுமந்தன. 'ஏலக்காய்' என்பதைவிட 'காய்' குட்டை. போடியின் சூழல் மீதியைச் சொல்லிவிடுகிறது. கோட்பாடும் கடைவீதியும் ஒன்றையே சொல்கின்றன.

சூழல் என்பது பக்கத்துச் சொல் மட்டுமா? அதைக் கேட்பவர் வாழ்ந்த வாழ்க்கையும் சூழல்தான். ஜெனிஃபர் ராட் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் படகுத் துடுப்புக்காரர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தில் 'ஃபெதர்' என்றால் எல்லோருக்கும் இறகு. துடுப்புப் போடுகிறவருக்கு அது துடுப்பின் தட்டைத் திருப்பிப் பிடிக்கும் ஒரு லாவகம். முன்பின் எதுவும் இல்லாமல் தனிச்சொல்லாகக் கொடுத்தபோது, அவர்களில் பலருக்குத் துடுப்புப் பொருளே முதலில் வந்தது. அண்மையில் படகேறியவர்களுக்கு இன்னும் கூடுதலாக. நாம் எதைச் செய்து வாழ்கிறோமோ, அது நம் சொற்களின் பொருள் வரிசையை மாற்றி அடுக்குகிறது.

ஏலமலையில் இதற்குச் சான்று கொட்டிக் கிடக்கிறது. 'போல்டு' என்றால் அச்சகத்தில் தடித்த எழுத்து, பொதுப்பேச்சில் துணிச்சல். போடி வியாபாரிக்கு அது பருத்த காய். தரப்பட்டியலிலேயே ஆலப்புழை பச்சை எக்ஸ்ட்ரா போல்டு என்று ஒரு வகை; காயின் குறுக்களவு 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 'லிட்டர்' என்றால் மற்றவர்களுக்குப் பாலும் பெட்ரோலும். இங்கே 1 லிட்டர் படியை நிறைக்கும் காயின் எடை அது. அந்த எக்ஸ்ட்ரா போல்டுக்கு லிட்டருக்கு 435 கிராம் நிற்க வேண்டும். எடை குறைந்தால் உள்ளே அரிசி திரளவில்லை என்று பொருள். 'ஸ்டோர்' என்றால் ஊருக்குள் மளிகைக்கடை, திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தன வீடு, ஏலத் தோட்டத்தில் காய் உலர்த்தும் கட்டடம்.

'லயம்' என்ற சொல்லை மட்டும் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவருக்கு லயம் என்றால் தாள ஒழுங்கு, ஒன்றிப்போதல். மலைத்தோட்டத் தொழிலாளிக்கு லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்தது. இலங்கை மலையகத்திலும் அதே சொல், அதே அறைகள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள். சமவெளியில் பலருக்கு அந்தச் சொல்லின் இந்தப் பொருள் அன்றைக்குத்தான் முதன்முதலில் காதில் விழுந்திருக்கும். நூற்றாண்டுக்கு மேலாக நம்மவர்கள் அதற்குள் வாழ்ந்தும், அது நம் பொதுத்தமிழுக்கு வந்து சேரவில்லை. ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் இருந்தது என்பதற்கு, அந்த மனிதர்களின் வீடு நமக்குத் தெரியாமல் இருந்தது என்பதுதான் பொருள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பொதுமக்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார். படிக்கும்போது கண்ணில் படும் சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு, துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். ஆசிரியர்கள், மருத்துவர்கள், வீட்டிலிருந்த பெண்கள் என்று யார் யாரோ எழுதி அனுப்பிய லட்சக்கணக்கான துண்டுகளின் மேல்தான் அந்த அகராதி நிற்கிறது. தேனி மாவட்டத்துக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் மாணவர்களே, உங்கள் ஊர்ச் சொற்கள் புத்தகத்தில் இல்லை. மாலையில் மலையிறங்கும் ஜீப்புகளில் வருகின்றன. உங்கள் அம்மாவோ, பெரியம்மாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ அதில் இருக்கலாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்காருங்கள். காய், சரம், எடுப்பு, ஸ்டோர், லயம் என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், சொன்ன வாக்கியத்தோடு, ஊர் பெயரோடு, தேதியோடு எழுதி வையுங்கள். இந்த ஆண்டு காய் எடுப்பு முடிவதற்குள் தொடங்குங்கள்.